ஒருவர் வயலில் ஊரார் தடம்

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் கோதுமைப் பயிரின் நடுவிலும், ஆடுகள் மேயும் புல்வெளியின் குறுக்கிலும், சில இடங்களில் பண்ணைவீட்டு முற்றத்தின் ஊடாகவும் செல்லும் ஒற்றையடிப் பாதைகளில் மிகப் பல, நிலத்துக்குரியவரின் அனுமதியைக் கேட்காமல் யார் வேண்டுமானாலும் எந்த நேரத்திலும் நடந்துபோகச் சட்டம் இடம் கொடுத்திருக்கும் பொது வழிகளாகும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து இத்தகைய வழிகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 2,25,000 கிலோமீட்டர். நிலநடுக்கோட்டின் வழியே பூமியை ஐந்து முறை சுற்றி வந்த பின்னும் மிச்சமிருக்கும் தொலைவு அது. இவற்றில் பெரும்பகுதி காலால் நடப்பதற்கு மட்டுமே உரியது. ஆங்கிலேயர் அதை ‘ஃபுட்பாத்’ என்பர். நம் நகரங்களில் அதே சொல் சாலையோர நடைமேடையைக் குறிப்பதால் ஒரு குழப்பம் நேரக்கூடும் என்றாலும், அந்த நடைமேடைக்கு அங்கே ‘பேவ்மென்ட்’ என்றுதான் பெயர். ஃபுட்பாத் என்பது அங்கே பெரும்பாலும் மண்ணும் புல்லும் சேறுமான, ஓராள் அகலமே உள்ள தடம். விடுமுறை நாளில் குடும்பத்தோடு ஐந்தாறு கிலோமீட்டர் சுற்றிவிட்டு மதிய உணவுக்கு ஊர் திரும்பும் மென்னடை முதல், நானூறு கிலோமீட்டரைக் கடக்கும் நெடும்பயணம் வரை எல்லாமே இந்தத் தடங்களை நம்பியே நடக்கின்றன. அவற்றுள் மென்னடைதான் மிகுதி. அதன் அமைதிக்குப் பின்னால் இருநூறு ஆண்டு வழக்கும் வாதமும் இருப்பது, நடப்பவருக்கே பல வேளைகளில் தெரிவதில்லை.

தமிழ்நாட்டுக் கிரையப் பத்திரங்களில் ‘மாமூல் வழிநடை பாத்தியம்’ என்றொரு தொடர் வரும். ஒரு நிலத்துக்காரர் தம் நிலத்தை அடைவதற்கு அடுத்தவர் நிலத்தின் வழியே போய்வரும் உரிமையை அது குறிக்கும். ஆங்கிலேயச் சட்ட மரபைத் தழுவி 1882இல் இயற்றப்பட்ட இந்திய வசதியுரிமைச் சட்டம், இருபது ஆண்டுகள் தடையின்றி அனுபவிக்கப்பட்ட வழிக்கு இத்தகைய உரிமை உண்டென்று ஒப்புக்கொள்கிறது. இங்கிலாந்தின் பொது வழியும் அந்த இருபது ஆண்டுக் கணக்கை உடையதே ஆயினும், அதன் உரிமையாளர் அண்டை நிலத்துக்காரர் அல்லர். பொதுமக்கள் அனைவரும் ஆவர். ஒரு வழியை மக்கள் இருபது ஆண்டுகள் ஒளிவுமறைவின்றியும், வன்முறையின்றியும், எவரிடமும் அனுமதி பெறாமலும் பயன்படுத்தியிருந்தால், நிலத்துக்காரர் அதைப் பொதுவழியாக விட்டுக்கொடுத்துவிட்டார் என்று சட்டம் கருதுகிறது. அப்படி விட்டுக்கொடுக்கும் எண்ணம் தமக்கு இருந்ததில்லை என்பதை அவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். ஒருமுறை பொதுவழியானது என்றைக்கும் பொதுவழியே என்பது அந்நாட்டு நீதிமன்றங்களின் பழைய விதி. ஆகவே நூறாண்டுகளாக யாரும் நடக்காமல் புதர் மூடிப்போன தடத்துக்கும்கூட, முறைப்படி ஆணையிட்டு மூடப்படாத வரையில், உரிமை உயிரோடு இருக்கிறது.

மண் நிலத்துக்காரருடையது, கடந்துபோகும் உரிமை மட்டுமே மக்களுடையது. இந்த வேறுபாட்டின் கூர்மையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீர்க்கப்பட்ட இரண்டு வழக்குகள் காட்டுகின்றன. 1893ஆம் ஆண்டு வழக்கில், ரட்லண்ட் பிரபுவுக்குச் சொந்தமான மேட்டுநிலத்தின் குறுக்கே செல்லும் பொதுச் சாலையில் நின்றுகொண்டு, பிரபுவும் விருந்தினரும் சுடக் காத்திருந்த கிரௌஸ் என்னும் காட்டுக்கோழி இனப் பறவைகளை ஒருவர் தம் குடையை விரித்து விரட்டினார். பிரபுவின் காவலாட்கள் அவரைத் தரையோடு அழுத்திப் பிடித்துவைத்தது குறித்து அவர் தொடுத்த வழக்கில், சாலையில் நின்றது வழிச்செல்வதற்காக அன்று என்பதால் அவரே அத்துமீறியவர் ஆனார். 1900ஆம் ஆண்டு வழக்கில், பந்தயக் குதிரைகளின் பயிற்சி ஓட்டத்தை உளவறிந்து செய்தி விற்கும் ஒருவர், சாலையின் சிறு பகுதியிலேயே ஒன்றரை மணி நேரம் மேலும் கீழுமாக நடந்து குறிப்பெடுத்ததும் அவ்வாறே அத்துமீறலாயிற்று. இளைப்பாறுவதும், கண்ணில்பட்ட காட்சியை நின்று பார்ப்பதும், கொண்டுவந்த ரொட்டியைப் பிரித்துத் தின்பதும் வழிநடையின் இயல்பான பகுதிகளாகக் கொள்ளப்படும். கூடாரம் அடிப்பது கொள்ளப்படாது. நாய் உடன்வரலாம், குழந்தையின் தள்ளுவண்டியும் வரலாம்.

இவ்வழிகளை யாரும் உலாவுக்காகப் போடவில்லை. குடிசையிலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து மாவு ஆலைக்கும், சிற்றூரிலிருந்து தேவாலயத்துக்கும் சந்தைக்கும் கால்நடையாகப் போனவர்கள், வளைந்து செல்லும் வண்டிச் சாலையை விட்டுக் குறுக்கே நடந்து நடந்து உண்டாக்கியவை அவை. ஒரு தேவாலயத்தின் கோபுரத்தைச் சுற்றிப் பல திசைகளிலிருந்தும் தடங்கள் வந்து சேர்வதை இன்றைய வரைபடத்திலும் காணலாம். அடக்க உரிமை பெற்ற தேவாலயம் தங்கள் ஊரில் இல்லாதவர்கள் பிணத்தைத் தோளில் சுமந்து அடுத்த ஊருக்குக் கொண்டுசென்ற வழிகளும் உண்டு. ஏரி மாவட்டத்தில் ரைடலுக்கும் கிராஸ்மியருக்கும் இடையிலுள்ள அத்தகைய பிணவழி, சுமப்பவர் பெட்டியை இறக்கிவைத்து மூச்சுவிட்ட கல்லோடு இன்று மிக விரும்பி நடக்கப்படும் எளிய பாதைகளுள் ஒன்றாகியிருக்கிறது. தெற்கே டார்செட்டின் மென்பாறைப் பகுதியில் காலும் குளம்பும் சக்கரமும் மழைநீரும் நூற்றாண்டுக்கணக்கில் அரித்ததால், இருபுற வயல்களைவிடப் பல அடி ஆழத்தில் வாய்க்கால்போல் அமிழ்ந்துபோன வழிகள் இருக்கின்றன.

வேலியடைப்பு என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் மாற்றம் இவ்வழிகளின் தலையெழுத்தை மாற்றியது. ஊரார் பொதுவாக மேய்த்தும் விறகு பொறுக்கியும் வந்த நிலங்களையும், துண்டுதுண்டாகப் பகிர்ந்து உழுத திறந்த வயல்களையும் தனியுடைமையாக்கி வேலியிட்டுப் பிரிப்பதற்காக, 1604 முதல் 1914 வரை 5,200க்கு மேற்பட்ட சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. 68 லட்சம் ஏக்கர், அதாவது இங்கிலாந்தின் நிலப்பரப்பில் ஐந்திலொரு பங்குக்குச் சற்று மேல், இவ்வாறு அடைபட்டது. இன்று நடப்பவர் கண்டு மகிழும், மே மாதத்தில் வெண்பூ பூத்து நிற்கும் ஹாதார்ன் முள்வேலிகளுள் பல, ஏழைகளின் மேய்ச்சலை மறிக்க நடப்பட்டவை என்பது அந்த அழகோடு சேர்த்து நினைக்க வேண்டியது. பங்கீட்டு ஆணையர்கள் எழுதிவைத்த ஆவணங்களில் எந்தெந்த வழி, எத்தனை அடி அகலத்தில் பொதுவாக விடப்படுகிறது என்ற விவரமும் இருந்தது. பலவற்றை மூடிய அதே ஆவணம் எஞ்சியவற்றுக்கு அசைக்க முடியாத சான்றாகவும் நிற்பது இந்த வரலாற்றின் விந்தை.

1815ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, தேவையற்றது என்று கருதும் எந்தப் பாதையையும் மூட ஆணையிடும் அதிகாரத்தை இரண்டு சமாதான நீதிபதிகளுக்குக் கொடுத்தது. சமாதான நீதிபதிகள் எனப்பட்டவர்கள் ஊதியமின்றி உள்ளூர் வழக்குகளை விசாரித்த நிலக்கிழார்கள். ஆதலால் ஒருவர் தோட்டத்துக்குள் செல்லும் வழியை மூடப் பக்கத்து எஸ்டேட்காரரும் அவருடைய நண்பரும் விருந்து மேசையிலேயே உடன்பட்டுவிட முடிந்தது. அதே ஆண்டின் இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டனின் ‘எம்மா’ நாவலில், நல்ல மனிதராகப் படைக்கப்பட்ட நிலக்கிழார் நைட்லி தம் புல்வெளியைக் கிழித்துச் செல்லும் ஒரு பாதையைச் சற்றுத் தள்ளிப் போடுவது பற்றித் தம்பியோடு பேசுகிறார். ஊராருக்கு அதனால் இடைஞ்சல் வரக்கூடாது என்று அவர் கவலைப்படுவதையே அவருடைய பண்புக்கு அடையாளமாக ஆஸ்டன் வைக்கிறார். எல்லாக் கிழார்களும் நைட்லிகளாக இருக்கவில்லை. 1824இல் யார்க் நகரிலும் 1826இல் மான்செஸ்டரிலும் பழைய பாதைகளைக் காப்பதற்கென்றே சங்கங்கள் தோன்றின. ஆலைப் புகையில் ஆறு நாள் வேலை பார்த்த நெசவாலை நகரங்களில், ஞாயிற்றுக்கிழமை கால் நீட்டி நடக்க ஒரு வழி வேண்டும் என்பது நாளடைவில் உழைப்பவரின் கோரிக்கையாகவே மாறியது. 1896 செப்டம்பரில் போல்டன் நகர மக்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு, பூட்டப்பட்ட கதவை உடைத்துக்கொண்டு விண்டர் ஹில் குன்றின்மேல் நடந்தனர்.

எல்லோரும் எடுத்துச்சொல்லும் நிகழ்ச்சி 1932 ஏப்ரல் 24ஆம் நாள் நடந்தது. ஷெஃபீல்டுக்கும் மான்செஸ்டருக்கும் இடையிலுள்ள கிண்டர் ஸ்கௌட் என்னும் மேட்டுநிலம் டெவன்ஷர் பிரபுவின் வேட்டைக்காக அடைத்துவைக்கப்பட்டிருந்தது. பென்னி ராத்மன் என்ற இருபது வயது இளைஞரின் முன்னெடுப்பில் ஏறத்தாழ நானூறு பேர் ஹேஃபீல்டிலிருந்து புறப்பட்டு அதன்மேல் ஏறினர். காவலாட்களோடு கைகலப்பு நேர்ந்தது. ஆறு பேர் கைதாகி ஐவர் சிறை சென்றனர். அவர்கள் கோரியது குறிப்பிட்ட ஒரு தடத்தை அன்று. திறந்த மேட்டுநிலத்தில் விரும்பிய பக்கம் நடக்கும் உரிமையை. அன்றைய நடைப்பயணச் சங்கங்களிற் பல இந்தப் போராட்டத்தை ஆதரிக்கவில்லை என்பதும், திறந்தவெளி உரிமை 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் கைகூடியது என்பதும் புகழுரைகளில் அடிக்கடி விடுபட்டுப் போகின்றன. இருந்தும், சிறைத் தண்டனை எழுப்பிய சினம் நாட்டின் கருத்தை மாற்றியதில் ஐயமில்லை. 2002இல் எழுபதாம் ஆண்டு நினைவு விழாவுக்கு வந்த அப்போதைய டெவன்ஷர் பிரபு, தம் பாட்டனார் காலத்துச் செயலுக்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டார்.

மென்னடைக்காரரின் அன்றாட உரிமையை உறுதிசெய்தது, போருக்குப் பின் தொழிற்கட்சி அரசு கொண்டுவந்த 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள், நாட்டுப்புற அணுக்கச் சட்டம். ஒவ்வொரு கவுண்டி மன்றமும், அதாவது மாவட்டத்தை ஒத்த ஆட்சி அமைப்பும், தன் எல்லைக்குள் உள்ள பொதுவழிகள் அனைத்தையும் அளந்து ‘அறுதி வரைபடம்’ ஒன்றை ஆக்க வேண்டும் என்று அச்சட்டம் பணித்தது. அவ்வரைபடத்தில் ஏறிய வழி பொதுவழி என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை; ஏறாதது பொதுவழி அன்று என்று முடிவுகட்டவும் இயலாது. அளக்கும் வேலை பெரும்பாலும் பாரிஷ் மன்றங்களிடம், நம் ஊராட்சியைப் போன்ற கடைநிலை அமைப்புகளிடம், விடப்பட்டது. ஆசிரியரும் அஞ்சற்காரரும் ஓய்வுபெற்ற படைவீரரும் தத்தம் ஊர்த் தடங்களை நடந்து பார்த்து, எங்கே வேலி தாண்டும் கடவை, எங்கே பாலம், எத்தனை காலமாகப் புழக்கம் என்று அட்டைகளில் எழுதினர். ஓர் ஊரார் கருத்தாக எழுதினர். அடுத்த ஊரார் நிலக்கிழாரின் முகத்துக்கு அஞ்சியோ சோம்பலாலோ விட்டுவிட்டனர். நன்றாக வந்துகொண்டிருக்கும் ஒரு பாதை பாரிஷ் எல்லையில் காரணமின்றி முடிந்துபோவதற்கும், குதிரைப் பாதையாக வந்தது எல்லை தாண்டியதும் வெறும் நடைவழியாகச் சுருங்குவதற்கும் அந்தப் பழைய அட்டைகளே பெரும்பாலும் காரணம்.

வழிகளின் வகையை வண்ண அம்புகள் சொல்கின்றன: நடைவழிக்கு மஞ்சள்; நடப்பவரோடு குதிரையும் மிதிவண்டியும் போகத்தக்க வழிக்கு நீலம்; இயந்திர வண்டிக்கு இடமில்லாத பழைய வண்டித்தடத்துக்குக் கருஞ்சிவப்பு; எல்லா வண்டிக்கும் திறந்த மண்சாலைக்குச் சிவப்பு. தார்ச்சாலையிலிருந்து பாதை பிரியும் இடத்தில் பெயர்ப்பலகை நட வேண்டும் என்பது 1968 முதல் சட்டம். ஆயினும் நடப்பவர் கையில் பெரும்பாலும் இருப்பது, 1791இல் படைத்துறைத் தேவைக்காகத் தொடங்கப்பட்ட ஆர்ட்னன்ஸ் சர்வே நிறுவனத்தின் ‘எக்ஸ்ப்ளோரர்’ வரைபடமே. நான்கு சென்டிமீட்டர் தாளில் ஒரு கிலோமீட்டர் நிலம் அடங்கும் அந்த அளவில் ஒவ்வொரு வயலின் வேலியும் தனிக்கோடாகத் தெரியும். பச்சைப் புள்ளிக்கோடு பொதுவழி. வேலிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்விக்கு விடை சொல்ல வேறெந்தக் கருவியும் இதற்கு ஈடாவதில்லை. கறுப்புக் கோடாகக் காட்டப்பட்ட தடம் கண்ணெதிரே எவ்வளவு அகலமாகக் கிடந்தாலும் பொதுவழி என்பதற்குச் சான்றன்று என்ற எச்சரிக்கையும் அத்தாளிலேயே அச்சிட்டிருக்கும்.

மனிதர் போக வேண்டும், ஆடும் மாடும் போகக் கூடாது என்ற ஒரே சிக்கலுக்கு இங்கிலாந்தின் வேலிகள் கண்ட விடைகள் தனியாக ரசிக்கத்தக்கவை. மிகப் பழையது கடவை: வேலியின் இருபுறமும் பலகைப் படியோ கற்படியோ வைத்து, ஏறித் தாண்டி இறங்கும் அமைப்பு. சாந்து பூசாமல் கல்லைக் கல்லோடு பொருத்தி அடுக்கிய சுவர்கள் மிகுந்த வடபகுதியில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் நீளக் கற்களே படிகளாகும். உயர்ந்த சுவராயின் இருபுறமும் மர ஏணி சாய்ந்திருக்கும். சுண்ணக்கல் பகுதிகளில் இரண்டு செங்குத்துக் கற்களுக்கு நடுவே கால் மட்டும் நுழையும் இடுக்கு விடப்படுவதுண்டு. கொழுத்த செம்மறி அதில் நுழையாது. சில மனிதரும் பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைய வேண்டியிருக்கும். ‘முத்தக் கதவு’ என்று பெயர்பெற்றதோ, வளைந்த கூண்டுக்குள் இப்படியும் அப்படியும் ஆடும் சிறு கதவு. கூண்டுக்குள் ஒருவர் ஒதுங்கி நின்று கதவைத் தள்ளிவிட்டே வெளியேற முடியும் என்பதால் மாட்டுக்கு அது புரியாத புதிராகிவிடுகிறது. கதவு கூண்டின் இருபுறக் கட்டையையும் தொட்டுத்தொட்டு மீள்வதே பெயருக்குக் காரணம் என்பர். முன்னே போகிறவர் பின்னே வருகிறவரிடம் முத்தத்தைச் சுங்கமாகக் கேட்பது வழக்கம் என்ற கதைதான் ஊர்களில் செல்வாக்குப் பெற்றது. முழங்கால் வலியுள்ளவருக்கும் சக்கர நாற்காலிக்காரருக்கும் இந்தக் கடவைகள் சுவரைப்போலவே தடை. அதனால் இத்துறைக்கான பிரித்தானியத் தரவிதி முதலில் வெறும் இடைவெளியையும், அது முடியாவிட்டால் கதவையும், வேறு வழியே இல்லாதபோது மட்டும் கடவையையும் பரிந்துரைக்கிறது. பழமை போகிறதே என்ற வருத்தத்தைவிட, பாட்டியும் பேரனோடு நடக்க முடிகிறதே என்ற நிறைவு பெரிது என்றே கொள்ள வேண்டும்.

மென்னடை என்பது எத்தன்மையது என்று காண, கிளௌஸ்டர்ஷர் கவுண்டியின் காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுப் பகுதியில் பலரும் நடக்கும் ஒரு வழியை எடுத்துக்கொள்ளலாம். தேன் நிறச் சுண்ணக்கல்லால் கட்டிய வீடுகளுக்குப் பெயர்போன பூர்ட்டன்-ஆன்-த-வாட்டர் என்ற ஊரில், விண்ட்ரஷ் ஆறு கணுக்கால் ஆழத்தில் கடைத்தெருவை ஒட்டியே ஓடுகிறது. கோடையில் அதன் தாழ்ந்த கற்பாலங்களின்மேல் சுற்றுலாக் கூட்டம் நெரிகிறது. அங்கிருந்து பத்து நிமிடம் நடந்து, எக்ஸெட்டரையும் லிங்கனையும் இணைக்க ரோமானியர் போட்ட ஃபாஸ் வே என்னும் நேர்கோட்டுச் சாலையை வண்டிகள் பார்த்துக் கடந்துவிட்டால், கூட்டம் முற்றிலும் பின்தங்கிவிடும். ஊர்க் கடையில் ஐஸ்கிரீம் வாங்கியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட அந்தச் சாலையைத் தாண்டி வருவதில்லை என்று தோன்றும் அளவுக்கு அந்த மாற்றம் திடீரென்று நிகழ்கிறது. புல்வெளிகளின் ஊடாகச் செல்லும் தடம் லோயர் ஸ்லாட்டர் என்ற சிற்றூரில் ஐ என்னும் சிற்றாற்றின் கரையைத் தொடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஸ்லாட்டர்’ இன்று படுகொலையைக் குறித்தாலும், ஊர்ப்பெயர் சேற்று நிலத்தைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து வந்தது என்பதே பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். குளிர்காலத்தில் அங்கே நடந்தவர் எவரும் அதை மறுக்கமாட்டார்.

ஊர்க் கோடியில், கல் வீடுகளுக்கிடையே செங்கற் புகைபோக்கியோடு தனித்து நிற்கும் பழைய நீராலையைத் தாண்டி, முத்தக் கதவுகள் வழியே ஆற்றோரப் புல்வெளியில் ஒரு மைல் அளவு சென்றால் அப்பர் ஸ்லாட்டர் வரும். முதல் உலகப் போருக்குச் சென்ற ஊரார் அனைவரும் உயிரோடு திரும்பிய சிற்றூர்களை ‘நன்றியுள்ள ஊர்கள்’ என்று 1930களில் எழுத்தாளர் ஆர்தர் மீ பெயரிட்டழைத்தார். இரண்டாம் உலகப் போரிலும் ஒருவரையும் இழக்காத மிகச் சில ஊர்களுள் அப்பர் ஸ்லாட்டர் ஒன்று. ஏறக்குறைய எல்லா ஆங்கிலேய ஊர்களின் நடுவிலும் இறந்தோர் பெயர்ப் பட்டியலோடு ஒரு கற்சிலுவை நிற்பதைப் பார்த்துக்கொண்டே வந்தவருக்கு இந்தச் செய்தியின் கனம் விளங்கும். ஊர்ச் சதுக்கத்தின் குடிசை வீடுகளை 1906இல் திருத்தியமைத்தவர் எட்வின் லட்யன்ஸ்; பின்னாளில் புதுதில்லியில் இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையை வடிவமைத்த அதே கட்டடக் கலைஞர், இங்கே எட்டுக் குடிசைகளின் கூரையையும் சன்னலையும் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறார். போக வர மொத்தம் ஏழு கிலோமீட்டர் அளவு. ஏற்றம் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்று 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வகுத்த நடைக்கணக்கு இங்கே பொருந்தாது. கதவு திறந்து மூடவும், சேற்றைச் சுற்றிக் கால் வைக்கவும், பாலத்தின்மேல் நின்று டிரௌட் மீனைத் தேடவும் நேரம் போவதால், மூன்று கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வதே நேர்மை.

ஆண்டு முழுவதும் ஒரே பாதை ஒரே பாதையாக இருப்பதில்லை. ஏப்ரல் இறுதியில் காட்டுத் தரை புளூபெல் பூக்களால் நீலமாகிறது; ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வேலியோரத்தில் பிளாக்பெரி பழுத்து, நடப்பவர் விரலெல்லாம் கறையாகிறது. ஜூனில் இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும் என்பதால் மதிய உணவுக்குப் பின் புறப்படுபவர் ஏமாந்துபோவார். முழங்கால் வரை வரும் ரப்பர்க் காலணியும், எந்த மாதத்திலும் ஒரு மழைச்சட்டையும் இல்லாமல் உள்ளூர்க்காரர் கிளம்புவதில்லை. நடை ஏதேனும் ஊர் மதுக்கடையில் முடிவது வழக்கம். ‘பப்’ எனப்படும் அவ்விடம் குடிக்காதவரும் குழந்தையோடு அமர்ந்து உண்ணும் உணவகமும் ஆகும்.

நாட்டுப்புறத்தின் வருவாய் இந்த நடையோடு எவ்வளவு பின்னியிருக்கிறது என்பதை 2001ஆம் ஆண்டு கோமாரி நோய் உணர்த்தியது. நோய் பரவாதிருக்க நாடெங்கும் பாதைகள் மூடப்பட்டபோது, ஒரு மாட்டுக்கும் நோய் வராத ஊர்களிலும் விடுதிகளும் தேநீர்க் கடைகளும் வெறிச்சோடின. மூடப்படாமலேயே தொலைந்த வழிகளின் கணக்கு வேறு. 1949க்கு முன்பே இருந்தும் வரைபடத்தில் ஏறாத பாதைகளைப் பதிவுசெய்ய 2000ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஜனவரி 1ஐக் கெடுவாக வைத்தது. 1935இல் தோன்றிய ‘ராம்ப்ளர்ஸ்’ நடைப்பயணச் சங்கத்தின் தன்னார்வலர்கள் 2020இல் பழைய வரைபடங்களை இன்றையவற்றோடு கட்டம் கட்டமாக ஒப்பிட்டு, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 49,000 மைலுக்கு மேற்பட்ட வழிகள் விடுபட்டிருக்கலாம் என்று கண்டனர். கெடு பிறகு 2031க்குத் தள்ளிப்போயிற்று. 2024 டிசம்பரில் அதை அறவே நீக்கப்போவதாக அரசு அறிவித்தது.

உழவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். திறந்து விடப்பட்ட கதவு வழியே மந்தை கலைந்தாலும், அவிழ்த்துவிட்ட நாய் சினை ஆட்டை விரட்டினாலும் இழப்பு அவருக்குத்தான். கதவைக் கண்டவாறே விட்டுச் செல்க என்பது 1951 முதல் வெளியிடப்படும் நாட்டுப்புற நடத்தை விதிகளின் அறிவுரைகளுள் ஒன்று. கன்றோடு நிற்கும் பசு நாயைக் கண்டால் மிரண்டு பாயும். அப்போது நாயின் கயிற்றை விட்டுவிட வேண்டும், நாய் ஓடித் தப்பிக்கொள்ளும், மனிதரும் பிழைப்பார். பால்மாட்டு இனக் காளை பத்து மாதத்துக்கு மேற்பட்டதாயின், பொதுவழி செல்லும் வயலில் அதை விடக்கூடாது. பிற இனக் காளையைப் பசுக்களோடு சேர்த்து விடலாம் என்று 1981ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. தூரத்தில் நின்று காளையின் இனத்தை அடையாளம் காணும் திறமை நடப்பவருக்கு உண்டு என்று அச்சட்டத்தை எழுதியவர்கள் நம்பியிருக்க வேண்டும்.

ஏர் பிடிப்பதற்கும் கணக்கு உண்டு. வயலோரமாகச் செல்லும் பாதையை உழவே கூடாது. வயலின் குறுக்கே செல்வதை உழலாம், ஆனால் உழுத பதினான்கு நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குத் தரையைச் சமன்செய்து, தடம் தெரியும்படி விட வேண்டும் என்பது 1990ஆம் ஆண்டுச் சட்டம். விதைப்பு முதலிய பின்வேலைகளுக்குக் கிடைக்கும் கெடு இருபத்துநான்கு மணி நேரம். சிலர் டிராக்டரை ஒருமுறை குறுக்கே ஓட்டிச் சக்கரத்தடத்தால் வழியைக் காட்டிவிடுவர். சிலர் முளைத்த பயிரில் மருந்தடித்து ஒரு பட்டையை மட்டும் பட்டுப்போகச் செய்வர். சிலர் ஒன்றும் செய்வதில்லை. அப்போது எதிர்வேலியிலுள்ள கடவையைக் கண்ணால் குறிவைத்து, பயிரின் நடுவே வரைபடம் காட்டும் கோட்டிலேயே நடக்க வருகிறவருக்கு உரிமை உண்டு. வயலைச் சுற்றிப் போவதுதான் மரியாதை என்று நினைத்து ஓரமாக நடப்பவரே, அங்கே பொதுவழி இல்லாத பட்சத்தில், அத்துமீறியவர் ஆகிவிடக்கூடும். முதல் ஆள் மிதித்த கோதுமை மறுநாளே நிமிர்ந்துவிடும். பத்துப் பேர் அதே கோட்டில் போன பின், மேட்டிலிருந்து பார்த்தால், பச்சைக்கு நடுவே மெல்லிய கோடு ஒன்று எதிர்வேலி வரை தெரியத் தொடங்கியிருக்கும்.